சாலமனுக்குச் சீர்வரிசை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் முகப்பேர் வீட்டுக்கு ஒரு நண்பர் வந்திருந்தார். ஹவுசிங் போர்டு ஃபிளாட்டுக்கு வருகிற எல்லோரையும் போல நேராக பால்கனிக்குப் போனார் – அங்கே காற்று வரும் என்று நம்பி. வராது. ஆனால் அங்கே வேறொன்று இருக்கிறது.

இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கூண்டு. பச்சைப் பெயிண்ட். முன்பக்கம் தோகை விரித்த மயில். மயிலின் கழுத்தருகே தாழ்ப்பாள். தாழ்ப்பாளில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு.

"கிளி வளர்க்கிறீங்களா சார்?"

"இல்லை. சின்ன வெங்காயம்."

"வெங்காயத்துக்கு எதுக்கு சார் பூட்டு?"

நியாயமான கேள்வி. வெங்காயம் விற்கிற விலையைச் சொல்லிச் சமாளித்தேன். அவர் அப்பாவி, நம்பிவிட்டார். உங்களிடம் அது நடக்குமா? வாராவாரம் என் மானத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவர்களாயிற்றே நீங்கள்! ஆகவே, உள்ளது உள்ளபடி…

மே மாதம். அக்னி நட்சத்திரம். மேல்வீட்டு அருள்ராஜ் குடும்பம் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பெட்டி, கூஜா, பிளாஸ்டிக் பக்கெட் எல்லாம் ஆட்டோவில் ஏறிவிட்டன. அவருடைய மகள் ஜெனி மட்டும் ஏறவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, வர மாட்டேன் என்று ஒரே அழுகை. மடியில் சாலமன்.

சாலமன் என்பது முயல். வெள்ளை வெளேரென்று, துவைத்துப் போட்ட பனியன் மாதிரி இருக்கும்.

"இதே கதைதான் சார்," என்றார் அருள்ராஜ், வாட்சைப் பார்த்துக்கொண்டே. "போன வருஷம் டேனியல்னு ஒண்ணு இருந்துச்சு. பூந்தமல்லில எங்க சொந்தக்காரங்க வீட்டுல விட்டுட்டுப் போனோம். திரும்பி வந்தா இல்லை. அதுலேர்ந்து இவ ஊருக்கு வரமாட்டேங்கிறா."

அடுத்தவர் வீட்டுப் பிரச்னை என்றால் எனக்குள் ஒரு மந்திரி புகுந்துகொள்வார். வாக்குறுதி கொடுக்காமல் அவரால் இருக்க முடியாது.

"ஜெனி, நீ போயிட்டு வாம்மா. சாலமன் என் பொறுப்பு. என் உயிரைக் கொடுத்தாவது காப்பாத்தறேன்."

என் பின்னால் நின்ற என் மனைவி சரசு, "உங்க உயிர் அதுக்கு எதுக்கு? புல்லு இருந்தா போதும்" என்றாள்.

ஜெனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் சும்மா ஒப்படைக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதுகூட என்னை இவ்வளவு நேரம் யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

"அங்கிள், நாங்க வர்ற வரைக்கும் இருப்பான்ல?"

"இருப்பான்."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் அங்கிள். இதெல்லாம் போதும். பெட்டிக்குள்ள இருந்தா அவனைத் தொடாதீங்க. அவனா வருவான்."

'இதெல்லாம்' என்று அவள் காட்டியதைப் பார்த்தேன். டிவி வாங்கியபோது வந்த பழைய அட்டைப்பெட்டி, பக்கவாட்டில் கோணலாக ஒரு ஓட்டை. உள்ளே கிழிந்த கோணிச்சாக்கு, கொஞ்சம் காய்ந்த புல். கனமான ஒரு மண் சட்டி, தண்ணீருக்கு. கடிப்பதற்குக் கொய்யாக் குச்சிகள். மூலையில் விரிக்கப் பழைய பேப்பர். ஒரு கட்டு அருகம்புல்.

ஆட்டோ போன பிறகு அந்தச் சாமான்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. தீ விபத்தில் தப்பிய குடும்பத்தின் உடைமைகள் மாதிரி இருந்தன. நம்மை நம்பி வந்த ஜீவனை இப்படியா வைத்துக்கொள்வது? நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

அந்த நாலு பேர் யார் என்று இதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் வாழ்க்கையில் முக்கால்வாசிச் செலவு அவர்களுக்காகத்தான் செய்திருக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜன்னல் கிரில் அடிக்கும் தனசேகர் எனக்குப் பழக்கம். ஸ்கூட்டரை எடுத்தேன்.

"இன்னா சார், மொசலுக்கா கூண்டு?" வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினான் தனசேகர். "எத்தினி மொசலு?"

"ஒண்ணு."

"ஒரு மொசலுக்கு இன்னாத்துக்கு சார் கூண்டு? ஊட்ல சும்மா உட்டா ஓடிக்கினு கெடக்கும்."

"பாதுகாப்பு வேணாமா?"

"அதுவும் கரீட்டுதான். நீ கவலய உடு சார். நான் அடிச்சுக் குடுக்கிற கூண்டுல ஆனையே பூந்தாலும் வெளிய வர முடியாது."

"உள்ளே இருக்கப்போறது முயல்."

"அப்ப இன்னும் சேஃப்டி!"

தனசேகரிடம் ஒரே ஒரு டிசைன்தான் உண்டு – மயில். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை பாதி வீட்டு ஜன்னல்களில் அந்த மயில்தான். மறுநாளே மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கூண்டு வந்து இறங்கியது. மாடிக்கு ஏற்ற நாலு ஆள் பிடித்தார்கள். எந்த நாலு பேருக்காகக் கவலைப்பட்டேனோ, அவர்களே வந்து தூக்கின மாதிரி இருந்தது எனக்கு.

கூண்டு வந்துவிட்டால் போதுமா? பாத்திரக் கடைக்குப் போனேன். சாலமனுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு. "பேர் வெட்டணுமா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். நம் ஊரில் பெயர் வெட்டாமல் பாத்திரம் வாங்கினால் அது திருட்டுப் பாத்திரம் மாதிரி அல்லவா? வெட்டச் சொன்னேன். விர்ர்ர் என்று மெஷின் ஓடி, விளிம்பில் கொட்டை எழுத்தில் 'சாலமன்' என்று வந்தது. கழுத்துக்கு மணி. படுக்க டர்க்கி டவல். சாப்பிட கேரட் – ஏனென்றால் நாம் எல்லோரும் எல்.கே.ஜி. புத்தகத்தில் முயலை அப்படித்தானே பார்த்திருக்கிறோம்?

"பொண்ணு இல்லையேங்கிற குறையைத் தீர்த்துக்கறீங்களா?" என்றாள் சரசு, தட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "சீர்வரிசை ஜோரா இருக்கு. ஒரு குத்துவிளக்குதான் குறையுது."

கொய்யாக் குச்சியைக் குப்பையில் போட்டேன். மண் சட்டி பால்கனித் தொட்டியருகே போனது. அந்த ஓட்டை அட்டைப்பெட்டியை என்ன செய்வது என்று யோசித்தபோது, கீழ்வீட்டு ரங்கநாதன் சார் மூச்சு வாங்க மேலே வந்தார். ஆவடியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். எந்த விஷயத்துக்கும் வைத்தியம் வைத்திருப்பவர்.

"இந்தப் பெட்டி உங்களுக்கு வேணாமா சார்? ஊர்லேர்ந்து பங்கனப்பள்ளி வந்திருக்கு, எல்லாம் காய். புல்லோட பெட்டியும் கிடைச்சா பழுக்க வெச்சுடுவேன். அடுத்த வாரம் மாப்பிள்ளை வர்றார்."

"தாராளமா!" என்றேன். அடுத்தவர் பொருள் என்றால் எனக்குத் தாராளம் தானாக வரும்.

சரி, சாலமன் எப்படி இருந்தான்?

கூண்டின் தரையிலும் கம்பிதான். பாவம், நாலு காலும் நாலு இடுக்கில். ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றான். நகர்ந்தால் மணி அடித்தது. மணி அடித்தால் பயந்து துள்ளினான். துள்ளினால் எவர்சில்வர் தட்டு கவிழ்ந்தது. தட்டு கவிழ்ந்த சத்தத்தில் இன்னொரு தடவை துள்ளினான். வீட்டுக்குள் திறந்து விட்டால் கடிக்கக் குச்சி கிடைக்காமல் டெலிபோன் ஒயரைக் கடித்தான். எத்தனையோ வருஷம் காத்திருந்து வாங்கிய போன் அது. எங்கள் பிளாக்குக்கே அதுதான் போன். எதிர்வீட்டுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள் – போனுக்காக.

ஆகவே மறுபடி கூண்டு. மறுபடி பால்கனி. பிற்பகல் வெயில் நேராக மயில் மேல் இறங்கும் பால்கனி.

சனிக்கிழமை காலையில் சாலமன் கேரட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். ரங்கநாதன் சாரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். தீர்ப்புச் சொன்னார்.

"சூடு."

நமக்கு எந்த வியாதி வந்தாலும் அது சூடுதானே? தலைவலி சூடு. வயிற்றுவலி சூடு. பரீட்சையில் மார்க் குறைந்தால் அதுவும் சூடு.

"கண்ணைப் பாருங்க சார், எப்படிச் செவசெவன்னு இருக்கு! உடம்புல சூடு ஏறிப்போச்சு. நல்லெண்ணெய் தேச்சுத் தலைக்கு ஊத்தினா சரியாயிடும்."

வெள்ளை முயலுக்குக் கண் எப்போதுமே சிவப்புதான் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தோன்றிய சந்தேகமே வேறு.

"இன்னிக்கு சனிக்கிழமையாச்சே. இது ஆம்பளைதானா?" என்றாள் சரசு. பெண் என்றால் வெள்ளிக்கிழமை அல்லவா எண்ணெய் தேய்க்க வேண்டும்!

"பேரே சாலமன்மா," என்றார் ரங்கநாதன் சார்.

"பேர் வெச்சது சின்னப் பொண்ணு. அது பார்த்தா வெச்சிருக்கும்?"

"நீங்க பாருங்க சார்," என்று என்னிடம் திரும்பினார் அவர். பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரித் தலையாட்டினேன்.

படித்தவர்கள் மூன்று பேர். முயலுக்கு எண்ணெய் தேய்ப்பது வெள்ளியா, சனியா என்று அரை மணி நேரம் அலசினோம். முயலுக்கு எண்ணெய் தேய்க்கலாமா என்று அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நாம் கேள்வி கேட்காத ஜாதி என்று யார் சொன்னது? நிறையக் கேட்போம். கேட்க வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு.

அந்தக் கோடையில் எங்கள் காலனிக்குத் தண்ணீர் லாரியில்தான் வந்தது. கலர் கலராகக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு குடத்துக்காக இரண்டு குடும்பங்களின் பரம்பரை வெளியே வரும். அப்படிப் பிடித்த தண்ணீரில் ஒரு குடம், வெதுவெதுப்பாக, சாலமனுக்கு. செக்கு நல்லெண்ணெய். சீயக்காய். கையில் பிடித்திருந்தது நான். தேய்த்தது ரங்கநாதன் சார். சரசு ஊற்றினாள். முதல் சொம்பிலேயே சாலமன் உதறுவதை நிறுத்திவிட்டான். "பார்த்தீங்களா, இதமா இருக்கு" என்றார் ரங்கநாதன் சார்.

இதமா? துவட்டிப் பார்த்தால், துவைத்துப் போட்ட பனியன் துவைக்காத பனியனாகியிருந்தது. எண்ணெயும் சீயக்காயும் ஒட்டி, உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, கண்ணை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு நடுங்கினான். கேரட், முட்டைக்கோஸ், கொத்தமல்லி எதைக் காட்டினாலும் திரும்பவில்லை.

அப்போதுதான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஜெனியின் முகம் வந்து நின்றது. 'இருப்பான்ல அங்கிள்?' பூந்தமல்லி சொந்தக்காரரைப் பற்றி இத்தனை நாளாக மனசுக்குள் என்னென்ன திட்டியிருக்கிறேன்! அவரும் ஒருவேளை பாசமாகத்தான் பார்த்துக்கொண்டாரோ என்னவோ…

சரசு சாலமனை ஒயர் கூடையில் துண்டு சுற்றி வைத்தாள். ஸ்கூட்டரில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு எருமையும் இரண்டு ஆடுகளும். எருமை எங்களை ஒரு மாதிரிப் பார்த்தது. அதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் சாலமனைத் தூக்கினார். விரலை முகர்ந்தார்.

"என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய் டாக்டர். சுத்தமான செக்கு எண்ணெய்."

"கடுகு, கறிவேப்பிலை போட்டுத் தாளிக்கலையே? நல்லவேளை."

கூண்டு, வெயில், கேரட், மணி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். கடைசியில், "இது தனக்குப் பழக்கமான இருட்டு இடம் தேடுது. ஏற்கெனவே எதுக்குள்ள இருந்துச்சோ அதுக்குள்ள விடுங்க. நல்லா உலர்த்துங்க. பக்கத்துல புல்லும் தண்ணியும் வைங்க. நாளை சாயங்காலத்துக்குள்ள மேய ஆரம்பிச்சா பிழைச்சுது. இல்லைன்னா…"

"மருந்து டாக்டர்?"

"சும்மா விடுங்க. அதான் மருந்து. உங்களால முடியுமா?"

ஜெனியும் இதைத்தானே சொன்னாள்? அவள் ஃபீஸ் வாங்கவில்லை, அதனால் நான் கேட்கவில்லை.

பழக்கமான இருட்டு இடம், கீழ்வீட்டில் மாப்பிள்ளைக்கு மாம்பழம் பழுக்க வைத்துக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன்.

"சார், பெட்டி வேணும். ஒரு உயிர் ஊசலாடுது."

ரங்கநாதன் சாரின் முகம் இருண்டது. "இன்னும் ரெண்டு நாள் சார். பாதிப் பழுத்திருக்கு. இப்ப எடுத்தா வெம்பிடும். வேற பெட்டி தரட்டுமா? ஃபேன் பெட்டி இருக்கு, புதுசு."

"அதுக்கு அந்தப் பெட்டிதான் வேணுமாம்."

"முயலுக்கு அப்படியென்ன பிடிவாதம்?"

"மாம்பழத்துக்கு இருக்கலாம், முயலுக்கு இருக்கக் கூடாதா?"

"மாப்பிள்ளைக்கு இருக்கு சார்! போன வருஷம் பழம் புளிச்சதை இன்னும் சொல்லிக் காட்டறார்!"

எவ்வளவு நேரம் பேசியிருப்போமோ தெரியாது. பின்னாலிருந்து சரசு, "ரெண்டு பேரும் கொஞ்சம் நகருங்க" என்றாள். உள்ளே போனாள். மாம்பழங்களைப் பச்சைக் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகப் புடவைத் தலைப்பில் எடுத்துக்கொண்டாள். மேலே வந்து எங்கள் அரிசி டிரம்முக்குள் கழுத்து வரை புதைத்தாள். "அரிசிக்குள்ள இன்னும் நல்லாப் பழுக்கும். கவலைப்படாதீங்க சார்." பெட்டியைக் கூடத்து மூலையில் வைத்து, கோணிச்சாக்கை உதறி விரித்தாள். மண் சட்டியைக் கழுவித் தண்ணீர் வைத்தாள். துவட்டித் துவட்டி உலர்த்திய சாலமனை ஓட்டையருகே விட்டாள்.

முகர்ந்தான். உள்ளே போனான். அவ்வளவுதான்.

இரவு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் வந்துவிட்டது. வைத்த அருகம்புல் வைத்தபடி இருந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்க்கப் போனபோதெல்லாம் சரசு, "டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியாது. ஆபீசில் இத்தனை வருஷமாகச் சுலபமாகச் செய்துவந்தேனே!

ரங்கநாதன் சார் வந்தார்.

"மாம்பழத்தைப் பார்த்துட்டுப் போகலாம்னு…" என்றார். அரிசி டிரம் சமையலறையில் இருக்கிறது. அவர் கூடத்தில், பெட்டிக்கு எதிரே, என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் கொஞ்சம் ஜாஸ்தி எண்ணெய் வெச்சுட்டேனோ?" என்றார், மெதுவாக. அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? பிடித்துக்கொண்டிருந்தது நான்தானே.

கரண்ட் போயிற்று.

ஃபேன் கடகடத்து நின்றது. கீழ்வீட்டு ரேடியோ நின்றது. காலனியே மூச்சை நிறுத்தின மாதிரி ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தில்… கறுக்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

கறுக்… கறுக்… கறுக்…

பெட்டியின் ஓட்டையிலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது. ஒரு புல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே உள்ளே போயிற்று. அப்புறம் இன்னொன்று. ரங்கநாதன் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கரண்ட் போனதற்கு நான் கும்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் வேளாங்கண்ணியிலிருந்து ஜெனி வந்தாள். செருப்புகூடக் கழற்றாமல் ஓடி வந்து பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். அவள் குரல் கேட்டதும் சாலமன் தானாக வெளியே வந்தான். வாரி எடுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அடுத்த நொடி முகத்தை எடுத்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"அங்கிள்… இவன் ஏன் மாம்பழ வாசனை அடிக்கிறான்?"

நான் மேலே பார்த்தேன்.

"சீயக்காய் வாசனையும் வருது." கண்ணைச் சுருக்கினாள். "ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொன்னேன்ல?"

"ஒண்ணும்… பெரிசா ஒண்ணும் பண்ணலம்மா."

அவள் அம்மா பிரசாதத்தை நீட்டினார். பொரி, மெழுகுவர்த்தி, ஒரு சின்ன பாட்டிலில் மாதா கோயில் எண்ணெய். எண்ணெயைப் பார்த்ததும் சரசு என்னைப் பார்த்தாள். பாட்டிலை வாங்கி அலமாரியின் மேல்தட்டில், எனக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

ஜெனி பால்கனிக் கூண்டைச் சுற்றி வந்தாள்.

"இது யாருக்கு அங்கிள்?"

"எனக்கு."

நம்பிவிட்டாள். அட்டைப்பெட்டியை ஒரு கையிலும் சாலமனை ஒரு கையிலும் அணைத்துக்கொண்டாள். மண் சட்டியை அருள்ராஜ் எடுத்துக்கொண்டார். எவர்சில்வர் தட்டை நீட்டினேன். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து ஒரு தடவை சிரித்தாள். தரையில் தட்டிப் பார்த்தாள். ணங்!

"சத்தம் போடுது அங்கிள். அவன் பயப்படுவான். நீங்களே வெச்சுக்கோங்க."

யாருக்காவது அத்தியாவசியம் என்று நாம் வாங்கிக் கொடுப்பதில் பாதி, நம் கௌரவத்துக்கு அத்தியாவசியம். நம்பிக்கையில்லை என்றால் இந்த வெயிலில் எங்கள் காலனிப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று பிள்ளைகளைப் பாருங்கள். டை, பெல்ட், ஷூ, சாக்ஸ், முதுகை வளைக்கும் பை. கூண்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியாது. மயில் அதிலும் உண்டு.

மாம்பழங்கள்? பிரமாதமாகப் பழுத்தன. மாப்பிள்ளை ஒரு குறையும் சொல்லவில்லையாம். எங்கள் வீட்டு ரசம் சாதத்தில்தான் ரொம்ப நாள் பங்கனப்பள்ளி வாசனை அடித்தது.

வெங்காய விலையை நம்பிய அந்த நண்பருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை உப்புமா கொடுத்தோம். சாப்பிட்டுக்கொண்டே என் தட்டின் விளிம்பை உற்றுப் பார்த்தார்.

"யார் சார் சாலமன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"இந்த வீட்ல இருந்துட்டுப் போனவங்கள்லயே அவர்தாங்க புத்திசாலி. அவர் தட்டுல சாப்பிட்டாவது இவருக்கு ஏதாவது வருதான்னு பார்க்கிறேன்!"